செல்கள் எதைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன? எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பு செல்களால் ஆனது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான். செல்களைச் சுற்றியும் அவற்றுக்கு அடியிலும் அந்தச் செல்களே சுரந்து பின்னி வைத்த ஒரு புரத வலை இருக்கிறது. தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு ஆகியவற்றில் செல்கள் எடுத்துக்கொள்ளும் இடத்தைவிட இந்த வலை எடுத்துக்கொள்ளும் இடமே மிக அதிகம். இதன் பெயர் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ். இந்தப் பக்கத்தில் சுருக்கமாக மேட்ரிக்ஸ் என்றே எழுதுகிறேன். செல் வளர்ப்பு கற்க வரும் மாணவர்களும், தோல் நோய், மூட்டுத் தேய்மானம் பற்றிப் படிக்கும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மேட்ரிக்ஸில் என்னென்ன இருக்கின்றன?

முதலில் கொலாஜன். பாலூட்டிகளின் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். மனிதர்களில் 28 வகை கொலாஜன்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகை தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் நீண்ட இழைகளாகக் கிடக்கிறது. இரண்டாம் வகை குருத்தெலும்புக்கு உரியது. நான்காம் வகை இழையாகாமல் மெல்லிய வலையாக விரிகிறது.

அடுத்து எலாஸ்டின். தமனியும் நுரையீரலும் விரிந்து பழைய அளவுக்குத் திரும்புவது இதனால்தான். அப்புறம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கூட்டம்: புரோட்டியோகிளைக்கான்கள் (சர்க்கரைச் சங்கிலிகள் பொருந்திய புரதங்கள்), அவற்றோடு ஹயலுரோனான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஹயலுரோனானைக் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934-இல் மாட்டுக் கண்ணின் விட்ரியஸ் திரவத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். கடைசியாக, செல்லையும் இழைகளையும் இணைக்கும் ஃபைப்ரோனெக்டின், லாமினின் போன்ற புரதங்கள். செல் எப்படி ஒட்டுகிறது என்ற கேள்விக்கு இந்தக் கடைசிக் கூட்டம்தான் முக்கியம்.

கொலாஜன் ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கிறது?

மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி இறுக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன. இந்த மும்முறுக்கு அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள்.

ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் ஒவ்வொரு அமினோ அமிலமும் கிளைசின்தான். முறுக்கின் நடுவில் இடம் மிகக் குறைவு. எல்லாவற்றிலும் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ள சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் மாறி அந்த இடத்தில் பெரியது ஒன்று வந்தால் முறுக்கு அங்கே கோணலாகிவிடும். எலும்புகள் சட்டென்று முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா நோய் பலருக்கு இப்படித்தான் வருகிறது. ஒரு சிறிய மாற்றத்துக்கு ஒரு குழந்தை வாழ்நாள் முழுக்க விலை கொடுப்பதைப் பார்க்கும்போது, அணு அளவிலான அமைப்பைப் படிப்பது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை என்பது புரியும்.

வைட்டமின் சி-யும் இங்கேதான் வருகிறது. சங்கிலியிலுள்ள புரோலின்களில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதி, வைட்டமின் சி இல்லாமல் தொடர்ந்து வேலை செய்யாது. அந்தச் சேர்க்கை நடக்காத முறுக்கு உடல் வெப்பத்துக்குக் கீழேயே அவிழ்ந்துவிடும். பழைய கடற்பயணங்களில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி இதுதான். ஈறு கசியும், பல் ஆடும், பல வருடங்களுக்கு முன் ஆறிய காயம்கூட மறுபடி திறந்துகொள்ளும். ஆறிய தழும்பிலும் கொலாஜன் கரைவதும் புதிதாகச் சேர்வதும் நடந்துகொண்டே இருக்கிறது. புதிது வராவிட்டால் கரைவது மட்டும் மிஞ்சும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் வேகமாகத் தேறினார்கள்.

செல் இந்த வலையை எதைக்கொண்டு பிடிக்கிறது?

பெரும்பாலும் இன்டெக்ரின்களைக் கொண்டு. இவை செல் சவ்வைக் குறுக்கே கடந்து நிற்கும் புரதங்கள். ஆல்ஃபா ஒன்று, பீட்டா ஒன்று என இரண்டு பாகம் சேர்ந்தால் ஓர் இன்டெக்ரின். மனிதர்களில் 18 ஆல்ஃபாக்களும் 8 பீட்டாக்களும் உண்டு. அவை கூடிச் சேரும் ஜோடிகள் 24. வெளியே நீட்டிய தலை மேட்ரிக்ஸைப் பிடிக்கும். உள்ளே நீட்டிய குட்டை வால் இடைப்பட்ட புரதங்கள் வழியாக, செல்லுக்குள் சட்டகமாக இருக்கும் ஆக்டின் இழைகளோடு இணையும்.

ஃபைப்ரோனெக்டின் பெரிய புரதம். அதில் செல் பிடிக்கும் இடத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தேடிய மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ருவோஸ்லாட்டியும் 1984-இல் மூன்றே அமினோ அமிலங்களில் போய் நின்றார்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம். சுருக்கமாக ஆர்ஜிடி. இன்டெக்ரின் என்ற பெயர் 1986-இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் குழு வைத்தது. இந்தத் துறைக்கு அடித்தளமிட்டதற்காக ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, திமோத்தி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

எல்லா இன்டெக்ரினும் ஆர்ஜிடி-யைத் தேடுவதில்லை. கொலாஜனையும் லாமினினையும் பிடிப்பவற்றுக்கு அடையாளக் குறிகள் வேறு. ஆர்ஜிடி குறியை வைரஸ்களும் பயன்படுத்திக்கொள்கின்றன. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய் வைரஸ் தன் உறையில் ஓர் ஆர்ஜிடி-யை நீட்டி, இன்டெக்ரினைப் பிடித்தே செல்லுக்குள் நுழைகிறது.

அப்படியென்றால் இது பசை போன்ற ஒட்டுதல்தானா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒட்டுதல் என்ற சொல்லைக் கேட்டதும் அசையாமல் பதிந்து கிடப்பதாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் செல் தான் பிடித்ததை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மரம் ஏறுபவர் கிளையில் முழு எடையையும் போடுமுன் லேசாக இழுத்துப் பார்ப்பதைப் போல.

இழுவை எங்கே உணரப்படுகிறது என்று பார்ப்போம். இன்டெக்ரினின் வாலில் டாலின் என்ற நீளமான புரதம் வந்து அமர்கிறது. அதன் மறுமுனை ஆக்டினைப் பிடித்திருக்கிறது. ஆக்டினை மயோசின் என்ற இயக்கப் புரதம் உள்நோக்கி இழுக்கிறது. டாலினின் தண்டு 13 சிறு சுருள் கட்டுகளால் ஆனது. அவற்றில் எளிதில் அவிழும் கட்டு சுமார் 5 பிக்கோநியூட்டன் விசையிலேயே பிரிந்துவிடும். அது பிரிந்ததும் உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளியே தெரியும். அங்கே வின்குலின் என்ற புரதம் வந்து ஒட்டி, இன்னும் பல ஆக்டின் இழைகளை அழைத்து வரும். பிடி பெருகும். அடியில் உள்ள பரப்பு மென்மையாக இருந்து இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டால், போதிய விசை ஏறாது, டாலின் அவிழாது, பிடி கலைந்துவிடும். விசை என்னும் பௌதிக விஷயம், எந்தப் புரதம் எதோடு சேரும் என்னும் வேதியியல் விஷயமாக மாறும் இடம் இது. உயிரியலில் எனக்கு இதைவிடப் பிடித்த வழிமுறை இல்லை.

இன்னொன்றும் உண்டு. இழுத்தால் பிணைப்பு சீக்கிரம் அறும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஆல்ஃபா5-பீட்டா1 இன்டெக்ரின் ஃபைப்ரோனெக்டினைப் பிடித்திருக்கும்போது, ஒரு அளவு வரை இழுக்க இழுக்கப் பிணைப்பு அதிக நேரம் தாங்குகிறது. அந்த அளவைத் தாண்டினால்தான் அறுகிறது. இதைக் கேட்ச் பாண்ட் என்கிறார்கள்.

இப்படி நூற்றுக்கணக்கான இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் திரண்டு நிற்பதை ஃபோக்கல் அட்ஹீஷன் என்று சொல்வோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிணைப்பும் அப்படியொன்றும் பலமானதில்லை. பலமில்லாததால்தான் செல் வேண்டியபோது விட்டுவிட்டு நகர முடிகிறது.

இன்டெக்ரின் எப்போதும் பிடிக்கத் தயாராக இருக்குமா?

இருக்காது, இருக்கவும் கூடாது. வேலையில்லாதபோது அது மடங்கிக் குனிந்த நிலையில் இருக்கும். உள்ளிருந்து டாலினும், கிண்ட்லின் என்ற இன்னொரு புரதமும் வாலைப் பிடித்தால் நிமிர்ந்து, சவ்விலிருந்து சுமார் 20 நானோமீட்டர் உயரத்துக்கு நீண்டு, தலையைத் திறக்கும். இரத்தத் தட்டணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஆல்ஃபா2பி-பீட்டா3 இன்டெக்ரின் எந்நேரமும் திறந்திருந்தால் இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகும். அந்த இன்டெக்ரினே இல்லாமல் பிறப்பவர்களுக்கு கிளான்ஸ்மன் த்ரோம்பாஸ்தீனியா என்ற நோய்: சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காது.

ஒட்டுவதையும் விடுவதையும் கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக. செல்களைத் தட்டிலிருந்து எடுக்க, புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியைப் போடும் நேரத்தில் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகராமல் பாருங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் எப்போதும் சொல்வேன். தட்டில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (இணைப்புத் திசுவின் செல்கள்) தட்டையாக, நீண்டு, அரைகுறையாகத் தெரியும்படி பரவிக் கிடக்கும். மீடியத்தை (செல்களுக்கு உணவாகும் திரவத்தை) எடுத்துவிட்டு, கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பஃபரால் கழுவி, டிரிப்சினும் இடிடிஏ-யும் கலந்த கரைசலை ஊற்ற வேண்டும். டிரிப்சின் பிடித்திருக்கும் புரதங்களை வெட்டும். இடிடிஏ, இன்டெக்ரின் தலைக்கு அவசியமான உலோக அயனிகளைப் பறித்துவிடும். ஓரிரு நிமிடத்தில் செல்லின் ஓரங்கள் உள்ளே சுருங்க ஆரம்பிக்கும். பின்வாங்கும் உடலுக்கும், இன்னும் விடாமல் பிடித்திருக்கும் புள்ளிகளுக்கும் நடுவே மெல்லிய நூல்கள் இழுபட்டு நிற்கும். அப்புறம் அவையும் அறுந்து, செல் பளிச்சென்ற உருண்டையாகிவிடும். தட்டை லேசாகத் தட்டினால் மிதக்கும். அந்த நூல்களைப் பார்த்தவர்களுக்குச் செல் இழுத்துக்கொண்டுதான் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

முதலில் கழுவாமல் டிரிப்சின் ஊற்றினால் வேலை செய்யவில்லை என்று பலர் குழம்புவார்கள். மீடியத்தில் மிச்சமிருக்கும் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) டிரிப்சினை முடக்கும் புரதங்கள் உண்டு, அதுதான் காரணம். வேலை முடிந்ததும் டிரிப்சினை நிறுத்த சீரம் கலந்த மீடியம் ஊற்றுவதும் அதனால்தான்.

பிளாஸ்டிக் தட்டில் கொலாஜனும் இல்லை, ஃபைப்ரோனெக்டினும் இல்லை. செல் எதில் ஒட்டுகிறது?

சீரத்திலிருந்து வந்து தட்டில் படியும் வைட்ரோனெக்டினிலும் ஃபைப்ரோனெக்டினிலும். செல் வளர்ப்புத் தட்டுகளின் பாலிஸ்டைரீன் பரப்பை இதற்காகவே நீர் ஒட்டும்படி பதப்படுத்தி விற்கிறார்கள். பாக்டீரியா வளர்க்கும் சாதாரணத் தட்டில் செல்கள் சரியாகப் பிடிக்காது. சீரம் இல்லாத மீடியம் பயன்படுத்தினால் பூச்சை நீங்களே பூச வேண்டும்.

பாலிலைசின் பூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது மின்னூட்டத்தால் செல்லை ஒட்ட வைக்கிறது. இன்டெக்ரினுக்கு அதில் வேலை இல்லை. ஆகவே செல் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து அதற்கு மேட்ரிக்ஸ் சமிக்ஞை கிடைக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

பிடி இழந்த செல் என்ன ஆகும்?

செத்துப்போகும், அதுவும் ஒழுங்கான முறையில். உறுப்புகளின் பரப்பை மூடும் எபிதீலியச் செல்களை மேட்ரிக்ஸிலிருந்து பிரித்துவிட்டால் அவை தாமாகவே அழியும் என்று 1994-இல் ஸ்டீவன் ஃபிரிஷும் பிரான்சிஸும் காட்டினார்கள். இதன் பெயர் அனோய்கிஸ். தவறிப்போன செல் வேறோர் இடத்தில் போய்க் குடியேறாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் இது. இரத்த அணுக்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பரவும் புற்றுநோய்ச் செல்கள் இதிலிருந்து தப்பிக்கப் பழகியவை.

அடியிலுள்ள பரப்பு கடினமா மென்மையா என்பது அவ்வளவு முக்கியமா?

2006-இல் ஆடம் எங்ளரும் டென்னிஸ் டிஷரின் குழுவினரும் செய்த சோதனை இதற்கு நேரடியான பதில். ஒரே மனித மெசன்கைமல் ஸ்டெம் செல்களை (பல வகைச் செல்களாக மாறக்கூடியவை), ஒரே கொலாஜன் பூசிய, கடினத்தன்மையில் மட்டும் வேறுபட்ட ஜெல்களில் வளர்த்தார்கள். மூளை அளவுக்கு மென்மையான, 1 கிலோபாஸ்கலுக்கு (கடினத்தன்மையை அளக்கும் அலகு) உட்பட்ட ஜெல்லில் செல்கள் நரம்புச் செல் போலக் கிளைவிட்டன. தசை போன்ற 8 முதல் 17 கிலோபாஸ்கல் ஜெல்லில் தசையின் அடையாளங்களைக் காட்டின. 25 முதல் 40 கிலோபாஸ்கலில் எலும்பின் பக்கம் சாய்ந்தன. 2011-இல், பரப்பு கடினமாக இருந்தால் யாப், டாஸ் என்ற இரண்டு புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகின்றன என்பதும் தெரிந்தது.

இதைப் படித்த பிறகு ஆய்வகத் தட்டைப் பாருங்கள். பாலிஸ்டைரீனின் கடினத்தன்மை கிகாபாஸ்கல் கணக்கில் வரும். மூளையைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம். பல பத்தாண்டுகளாக அதன்மேல் செல் வளர்த்துத்தான் செல்லின் இயல்பு இது, அது என்று எழுதி வந்திருக்கிறோம். தட்டில் கிடைத்த ஒரு முடிவை உடம்புக்குப் பொருத்துமுன் இதை ஒரு கணம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடித்தளச் சவ்வு என்பது என்ன?

எபிதீலியத்துக்குக் கீழே லாமினினும் நான்காம் வகை கொலாஜனும் சேர்ந்து விரித்த மிக மெல்லிய மேட்ரிக்ஸ் படலம். தோலில் மேல்தோல் இதன்மேல்தான் நிற்கிறது. மேல்தோலின் அடிச்செல்கள் ஆல்ஃபா6-பீட்டா4 இன்டெக்ரினால் லாமினின்-332 என்ற புரதத்தைப் பிடிக்கின்றன. இந்த இணைப்பு உள்ளே கெரட்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் மேல்தோல் கழன்று கொப்புளமாகும். எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற நோய்க் குடும்பம் இது. அதில் ஒரு வகை லாமினின்-332 பழுதாவதால் வருகிறது. ஜெர்மனியில் சிகிச்சை பெற்ற, அந்த வகை நோயுள்ள 7 வயதுச் சிறுவன் ஒருவன் தன் மேல்தோலில் பெரும்பகுதியை இழந்து சாகும் நிலைக்கு வந்துவிட்டான். மிக்கேலே டி லூக்காவின் குழு அவனுடைய செல்களையே எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்து, ஏடு ஏடாக வளர்த்துக் கொடுத்தது. அதை வைத்து அவன் உடலின் சுமார் 80 சதவீத மேல்தோலை மாற்றினார்கள். 2017-இல் வெளியான அந்த அறிக்கையின்படி புதிய தோல் உறுதியாக நின்றது, கொப்புளம் வரவில்லை. ஒட்டுதலை இத்தனை காலம் படித்ததன் பலனை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கெடீரின்களும் இதே வேலையைத்தானே செய்கின்றன?

இல்லை. கெடீரின் ஒரு செல்லை அடுத்த செல்லோடு இணைக்கிறது. செல்லை மேட்ரிக்ஸோடு இணைப்பது பெரும்பாலும் இன்டெக்ரினின் வேலை. உள்ளே இரண்டும் ஆக்டினோடு சேர்வதால் ஒன்றின் இழுவை மற்றதையும் பாதிக்கும்.

மேட்ரிக்ஸ் தேயுமா, புதுப்பிக்கப்படுமா?

இடத்துக்கு இடம் மாறும். அதை வெட்டும் நொதிகளில் முக்கியமானவை எம்எம்பி எனப்படும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகிறது என்று தேடிய ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் 1962-இல் கொலாஜனை வெட்டும் முதல் நொதியான கொலாஜினேஸைக் கண்டார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட தோலில் இந்த நொதிகள் கூடுகின்றன. சுருக்கம் விழுவதற்கு அது ஒரு காரணம்.

எலாஸ்டின் பெரும்பாலும் சிறு வயதில் உருவாவதோடு சரி. குருத்தெலும்பின் கொலாஜனும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அங்கே இரத்தக் குழாயும் கிடையாது, செல்களும் குறைவு. மூட்டுத் தேய்மானம் தானாகச் சரியாகாதது இதனால்தான்.

கொலாஜன் பொடி சாப்பிட்டால் நேராகத் தோலுக்குப் போகுமா?

முழுக் கொலாஜனாகப் போகாது. குடலில் அது அமினோ அமிலங்களாகவும் குட்டைப் பெப்டைடுகளாகவும் உடைகிறது. அவற்றில் சில இரத்தத்தில் தென்படுகின்றன. சில ஆய்வுகள் தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடியதாகச் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு விற்பனை நிறுவனங்களே பணம் கொடுத்திருப்பதால் நான் அவற்றைப் பெரிதாக நம்பமாட்டேன். போதுமான புரதம், வைட்டமின் சி, வெயிலிலிருந்து பாதுகாப்பு, புகை பிடிக்காமல் இருப்பது, இவை நிச்சயமானவை.

புற்றுநோயில் மேட்ரிக்ஸின் பங்கு என்ன?

மார்பகக் கட்டி கையில் கல் போலத் தட்டுப்படுவதற்குப் பெரும் காரணம் அதிலுள்ள கொலாஜன். கடினமான மேட்ரிக்ஸ் செல்களை மேலும் இழுக்கத் தூண்டும், இழுவை மேட்ரிக்ஸை மேலும் இறுக்கும். 1997-இல் மினா பிஸலின் குழு, அடித்தளச் சவ்வு போன்ற ஜெல்லில் வளர்த்த மார்பகப் புற்றுச் செல்களின் பீட்டா1 இன்டெக்ரினை எதிர்ப்புரதத்தால் தடுத்தது. மரபணுக்கள் பழுதாகவே இருந்தும், செல்கள் ஒழுங்கான சிறு உருண்டைகளாக அடங்கி வளர்ச்சியை நிறுத்தின. மரபணுவை மட்டும் பார்த்தால் புற்றுநோயைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் சொல்வதற்கு இந்தச் சோதனையே ஆதாரம்.

ஆனால் இது இன்னும் நல்ல மருந்தாக மாறவில்லை. ஆர்ஜிடி வடிவத்தைப் பின்பற்றிச் செய்த சிலென்ஜிடைடு, கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை.

அப்படியானால் இன்டெக்ரினைத் தடுக்கும் மருந்துகளே இல்லையா?

வேறு நோய்களுக்கு உண்டு. மாரடைப்புச் சிகிச்சையில் தட்டணுக்களின் இன்டெக்ரினைத் தடுக்கும் எப்டிஃபிபடைடு, டைரோஃபிபன். இதில் எப்டிஃபிபடைடு, கிலுகிலுப்பைப் பாம்பு வகை ஒன்றின் நஞ்சிலுள்ள புரதத்தைப் பார்த்து வடிவமைத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு நடாலிசுமாப். வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழையாமல் அவற்றின் ஆல்ஃபா4 இன்டெக்ரினை அது அடைக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, சிலருக்கு மூளையில் ஆபத்தான வைரஸ் தொற்று வந்ததால் 2005-இல் நிறுத்தப்பட்டு, கடுமையான கண்காணிப்போடு 2006-இல் திரும்பியது. வெள்ளணுக்களைத் தடுத்தால் காவலும் குறைகிறது. குடல் அழற்சிக்கு வந்த வெடோலிசுமாப், குடலுக்குப் போகும் செல்களின் இன்டெக்ரினை மட்டும் குறிவைப்பது அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

செல்களை நீக்கிவிட்டு மேட்ரிக்ஸை மட்டும் வைத்து உறுப்பு செய்ய முடியுமா?

2008-இல் டோரிஸ் டெய்லரின் குழு ஓர் எலி இதயத்தின் குழாய்கள் வழியாகச் சோப்புத் தன்மையுள்ள கரைசலைச் செலுத்திச் செல்களை எல்லாம் கழுவி எடுத்தது. வெளுத்த, ஒளி ஊடுருவும் இதய வடிவ மேட்ரிக்ஸ் மிஞ்சியது. அறைகளும் வால்வுகளும் அப்படியே இருந்தன. பிறந்த எலிக்குட்டிகளின் இதயச் செல்களை அதில் செலுத்தியதும் நான்காம் நாளில் துடிப்பு தெரிந்தது. எட்டாம் நாளில் வளர்ந்த எலி இதயத்தின் திறனில் சுமார் 2 சதவீதம் அளவுக்கு அது இறைத்தது.

அதற்குப் பிறகு பல உறுப்புகளில் இந்த முறையை முயன்றிருக்கிறார்கள். பெரிய தடை இரத்தக் குழாய்களில் இருக்கிறது. அவற்றின் உட்சுவர் முழுக்க எண்டோதீலியல் செல்கள் இடைவெளி விடாமல் ஒட்ட வேண்டும். எங்காவது கொலாஜன் வெளியே தெரிந்தால் தட்டணுக்கள் அங்கே வந்து பிடித்துக்கொள்ளும், இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டுவிடும்.